கோவாத் தோட்டத்தில் பெரமோன் பொறி: எதற்கு உதவும், எதற்கு உதவாது

நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கங்களில் கோவா (முட்டைக்கோஸ்) பயிரிடுவோருக்கு வைரமுதுகு அந்துப்பூச்சி பெரும் தலைவலி; இலையைத் தின்று கெடுப்பது அதன் புழு. அதற்கென்று விவசாய மருந்துக் கடைகளில் விற்கப்படும் பெரமோன் பொறியை இந்தப் போகத்தில் எங்கள் தோட்டத்தில் வைத்துப் பார்த்தேன்.

முக்கோணக் கூரை போன்ற பிளாஸ்டிக் மடிப்பு, அடியில் பசைத் தாள், நடுவில் பெண் அந்தின் மணம் ஏற்றிய சிறு ரப்பர் வில்லை, இவ்வளவுதான் பொறி. பயிரின் உயரத்துக்குச் சற்று மேலே தடியில் கட்டினால், இரவில் ஆண் அந்துகள் வந்து ஒட்டிக்கொள்ளும். நெல்மணி அளவேயான பழுப்புப் பூச்சிகள் அவை. சிறகு மடித்தபடி ஒட்டியவற்றின் முதுகில் வெளிறிய வைர வடிவங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

"இதைக் கட்டினால் மருந்தடிக்கத் தேவையில்லை" என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். அது சரியல்ல. பொறியில் விழுவது ஆண் மட்டுமே. தப்பிய சில ஆண்களே பல பெண்களுடன் கூடிவிடும், ஒரு பெண்ணோ நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். ஆகவே புழுவைக் குறைக்கும் கருவியாக இதை வாங்குவோர் ஏமாறுவார்கள்.

பூச்சி எப்போது பெருகுகிறது என்று அறிவதற்கோ இது மிகவும் பயன்படுகிறது. வெப்பமான இடங்களில் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிய, நமது குளிரில் அதற்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவதொரு பாத்தியில் கோவா நிற்பதாலும், அறுவடைக்குப் பின் அடிக்கட்டைகளைப் பிடுங்காமல் விடுவதாலும், முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் காணப்படுகின்றன. கனமழை இளம்புழுக்களைக் கழுவிக் கொன்றுவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியில் அந்தத் தடையும் இல்லை. பசைத் தாளில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், இலைக்குள் துளைத்த இளம்புழுவின் வெண்கோடுகளும், தொட்டவுடன் பின்னோக்கி நெளிந்து நூலில் தொங்கும் பச்சைப் புழுக்களும் அகப்படும். தெளிப்பதா வேண்டாமா என்பதை அப்போதுதான் முடிவு செய்ய வேண்டும். 1953இலேயே ஜாவாவில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்பு பெற்ற பூச்சி இது. வாரந்தவறாத தெளிப்பு அந்த எதிர்ப்பையே வளர்க்கும், புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளையும் அழித்துவிடும்.

குறைகளும் உண்டு. காற்றை நோக்கித் திறந்திருந்த பொறிக்குள் சாரல் புகுந்து பசை வலுவிழந்தது; பாதையோரத்தில் கட்டியதில் புழுதி படிந்தது. வில்லைகளைக் கடையில் வெயில் படும் தட்டில் வைத்திருந்தார்கள். குளிர்ச்சியில் வைக்காவிட்டால் மணம் விரைவில் போய்விடும். பொதியில் தமிழில் ஒரு வரிகூட இல்லை. தோட்டக் குடும்பங்களே பெருமளவில் மரக்கறி செய்யும் மலையகத்தில் இதை ஏற்கவே முடியாது.

இத்தனைக்கும் பிறகும் வாங்கலாம் என்றே சொல்வேன். வில்லையின் மணம் சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பதால், மாற்று வில்லையையும் பசைத் தாளையும் சேர்த்தே வாங்குங்கள். வேலியோரத்தில் கட்டினால் பக்கத்துத் தோட்டத்து அந்துகளும் கணக்கில் சேர்ந்துவிடும். பாத்திகளின் நடுவே கட்டுங்கள்.