அந்தியில் கடமானைப் பார்க்க ஒரு பைனாகுலர்

எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மி.மீ. முகப்பு வில்லையும் உடைய இந்தப் பைனாகுலரை நான் வாங்கியதே கடமானுக்காகத்தான். தென் மாவட்டத்தார் மிளா என்று சொல்லும் இந்த மான், இந்தியக் காடுகளில் வாழும் மான்களிலேயே மிகப் பெரியது. தோள்வரை 100 முதல் 160 செ.மீ. உயரம் நிற்பதும், நன்கு வளர்ந்த ஆணாயின் 300 கிலோவைத் தாண்டுவதுமான ஒரு விலங்கைக் காண வெறுங்கண் போதாதா என்று நண்பர்கள் கேட்டனர். போதாது. கடமான் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் நடமாடுவது. புள்ளிமானைப் போல உடலில் புள்ளிகளும் இல்லை. சாம்பல் கலந்த அதன் கரும்பழுப்பு மேனி மரநிழலில் அப்படியே கரைந்துவிடும்.

முன்பு நான் வைத்திருந்த 10×25 கருவி (பத்து மடங்கு உருப்பெருக்கம், 25 மி.மீ. முகப்பு வில்லை), உருவத்தைப் பெரிதாக்கியதே தவிர இருளை விலக்கவில்லை. வில்லையின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் விழும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். பழையதில் அது 2.5 மி.மீ.; இதில் 5.25 மி.மீ. கண்மணி விரிந்திருக்கும் அந்தி நேரத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு நீர்நிலையருகே இருந்த கண்காணிப்புக் கோபுரத்தின் மீதிருந்து உணர்ந்தேன்.

வெறுங்கண்ணுக்கு எருமை போலத் தெரிந்த கருந்திட்டு, கருவியின் வழியே ஓர் ஆண் கடமானாக உருக்கொண்டது. கழுத்தைச் சுற்றிப் பிடரிபோல் அடர்ந்த சொரசொரப்பான மயிர், ஓயாமல் திரும்பிக்கொண்டிருந்த அகன்ற காதுகள், கண்ணின் முன்மூலையில் உள்ள சுரப்பிப் பிளவு ஆகியவை தனித்தனியே துலங்கின. ஒவ்வொரு கொம்பிலும் நெற்றியருகே ஒரு கிளையும் உச்சியில் ஒரு கவையுமாக மும்மூன்று முனைகளை எண்ணவும் முடிந்தது. அருகே மேய்ந்த பெண்மானின் தொண்டையில் மயிரற்றுச் சிவந்திருந்த வட்டத்தைக் கண்டு, உடன் வந்தவர் அதற்குக் காயம் பட்டிருப்பதாகப் பதறினார். அது காயமன்று, சுரப்பியோடு தொடர்புடையதாகக் கருதப்படும் அந்தத் தடம் கடமான்களிடம் பரவலாகக் காணப்படுவதுதான். அத்தனை மங்கலான ஒளியிலும் சிவப்பைச் சிவப்பாகவே காட்டியதை இக்கருவியின் தலையாய சிறப்பாகச் சொல்வேன். மிரண்ட மான்கள் வாலை நிமிர்த்தியபோது அதன் அடிப்புற வெண்மை பளிச்சிட்டது. அவை புதருக்குள் பாயும்வரை பின்தொடர, எட்டு மடங்கு தந்த அகன்ற பார்வைப் பரப்பு உதவியது. பத்து மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகியிருக்கும்.

குறைகளும் உண்டு. வெளிறிய வானத்தைப் பின்னணியாகக் கொண்டு கொம்பைப் பார்த்தால் அதன் விளிம்பில் மெல்லிய ஊதாக் கோடு படிகிறது. கொம்பின் மேல்தோல் முற்றிலும் உரிந்துவிட்டதா என்று அறிய விரும்புவோருக்கு இது எரிச்சலூட்டும். முகப்பு வில்லையின் மூடிகள் தளர்வானவை. ஒன்றை முதல் நாளே தொலைத்துவிட்டேன். ஏறத்தாழ 700 கிராம் எடையை அரை மணி நேரம் தூக்கிப் பிடித்தால் தோள் வலிக்கிறது. உடன் தரும் மெல்லிய வார் கழுத்தை அறுப்பதால் அகலமான வார் ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்வது நல்லது. நண்பகலில் பறவை பார்ப்பதற்கு மட்டும் கருவி தேடுவோர் இதைவிட எடை குறைந்த ஒன்றை வாங்கலாம்.