அப்பாவின் பழைய அம்ப்ளிபயரும் நேற்று வந்த புதியதும்

கல்லடி வீட்டு மேசையில் இப்போது இரண்டு அம்ப்ளிபயர்கள். அப்பாவுடையது கிளாஸ் ஏபி என்ற வகை, தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். புதியது கிளாஸ் டி என்ற வகை, சோற்றுப் பார்சல் அளவுதான். பழையது கரண்டில் பெரும்பங்கைச் சூடாக்கியே தீர்க்கும். மேல்மூடியில் படுக்கப் பூனைக்கு மட்டும் ஆசை. புதியதோ முழுச் சத்தத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடும், தொட்டால் இளஞ்சூடுதான்.

முதல் நாள் புதியதுதான் பிரமாதம் என்று நினைத்தேன். அப்புறம்தான் பிடிபட்டது, அது கொஞ்சம் கூடுதல் சத்தமாகப் பாடியதால் வந்த மயக்கம்! இரண்டையும் ஒரே அளவுக்கு வைத்துக் கேட்டேன். மிருதங்கத்தின் தொப்பி (தடித்த ஒலி தரும் பக்கம்) அடி புதியதில் இறுக்கமாக விழுகிறது. குரல் பழையதில்தான் இதம். உப்புக்காற்றில் அதன் வொலியூம் திருகி கரகரப்பது வேறு கதை. பகல் வெக்கைக்குப் புதியது, இரவுப் பாட்டுக்கு அப்பாவுடையது.