ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: முன்கண்ணாடி மாற்றிய அனுபவம்

டிராக்கில், அதாவது பந்தயத் தடத்தில், ஓடும் காருக்கு முன்கண்ணாடி ஒரு தேய்மானப் பொருள்தான். பிரேக் பேடு, டயர் மாதிரி அதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். முன்னால் போகிறவரின் டயர் சூடேறிப் பிசுபிசுப்பாகிவிட்டால் ஓரத்தில் கிடக்கும் பொடிக்கல்லை எல்லாம் ஒட்டி எடுத்து வந்து, நேர்ப்பாதையில் வேகம் பிடிக்கும்போது நம் மேல் வீசும். என் பழைய கண்ணாடியில் நடுவே விழுந்த சின்னச் சின்னத் தெறிப்புகளை ரெசின் ஊற்றி அடைத்தே கொஞ்ச காலம் ஓட்டினேன். அப்புறம் கீழ் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. ஓரத்தில் தொடங்கும் விரிசலுக்கு ரெசின் சரிப்படாது. வெயில் பட்டால் நீளும், கண்ணாடியின் பனிமூட்டத்தைப் போக்கும் டிஃப்ராஸ்டர் போட்டால் நீளும், கெர்பில் (தடத்தின் வளைவோர மேட்டில்) ஏறி இறங்கினால் நீளும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றானது. மாற்றி ரோட்டிலும் டிராக்கிலுமாக நிறைய ஓட்டிவிட்டதால், இப்போது எழுதினால்தான் உபயோகமாக இருக்கும்.

டிராக் நண்பர்கள் எல்லோரும் முதலில் சொன்னது பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். எடைக் கணக்கில் அவர்கள் சொல்வது நியாயம்தான். கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.5 மடங்கு, பாலிகார்பனேட்டுக்கு 1.2 மடங்குதான். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள முன்கண்ணாடி என்றால் ஏறக்குறைய 12 கிலோ. அதில் பாதி குறையும், அதுவும் காரின் மேல்பகுதியில். ஆனால் வைப்பர் ஓடினால் கீறல் விழும். ஹார்டு கோட்டிங் இருந்தால் கொஞ்சம் தாமதமாக விழும், அவ்வளவுதான். சூட்டில் அது கண்ணாடியைப் போல ஏழு மடங்குக்கு மேல் விரியும் என்பதால், கண்ணாடியை ஒட்டுவது போல ஒட்டிவிட்டுப் போகவும் முடியாது. பந்தயக் கார்களில் அதன் மேல் டேர்-ஆஃப் ஃபிலிம் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பார்கள். பந்தயத்தின் நடுவே பிட்டில் (காரைச் சரிபார்க்கும் இடத்தில்) நிறுத்தினால் ஒரு அடுக்கை உரித்து எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மழையில் வைப்பர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் காருக்கு அது ஒத்துவராது. கார் ரோட்டுக்கும் போக வேண்டும் என்றால், சாலைக்கான அங்கீகார முத்திரை உள்ள லேமினேட்டட் கண்ணாடியோடு (இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) நின்றுவிடுவது நல்லது. ஃபோர்டு ஜிடி காரில் உள்பக்கம் கொரில்லா கிளாஸ் (போன் திரைகளில் வரும் மெல்லிய, உறுதியான கண்ணாடி) வைத்து, எடையைச் சுமார் 30 சதவீதம் குறைத்த லேமினேட்டட் கண்ணாடி வந்தது. என் காருக்கு அப்படி ஒன்று கிடையாது என்பதால் அந்த ஆசை அங்கேயே முடிந்தது.

சரி, லேமினேட்டட் என்று முடிவாகிவிட்டால் எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இங்கேதான் இருக்கிறது. ரோட்டில் நம் பார்வை பெரும்பாலும் கண்ணாடியின் நடுப்பகுதி வழியாகத்தான் போகும். டிராக்கில் இறுக்கமான வளைவு வந்தால் காரின் மூக்கு ஒரு பக்கம் இருக்க, கண் ஏபெக்ஸை (வளைவின் உள்விளிம்பில் கார் தொட வேண்டிய புள்ளியை) தேடி, கண்ணாடியின் பக்கவாட்டுத் தூணான பில்லரை ஒட்டிய மூலைக்குப் போய்விடும். ஸ்போர்ட்ஸ் காரில் கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருக்கும். வளைவும் அந்த மூலையில்தான் அதிகம், பிம்பம் நெளிவதும் அங்கேதான் அதிகம்.

எனக்கு முதலில் வந்த கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பே சோதித்துப் பார்த்தேன். காரில் இருக்கும் சாய்வுக்கே அதை ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, அதன் வழியாக எதிரே இருந்த ஷட்டரின் கிடைக்கோடுகளைப் பார்த்தபடி தலையை மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்தினேன். நடுவில் கோடுகள் அசையாமல் நேராக நின்றன. மூலையிலிருந்து ஒரு சாண் தூரம் இருக்கும்போதே கோடுகள் தளும்ப ஆரம்பித்தன; ஓரிடத்தில் ஒரு கோடு தெளிவாக முழங்கை மடங்குவது போல மடங்கியது. கொண்டு வந்தவர், "எல்லாக் கண்ணாடியும் ஓரத்தில் இப்படித்தான் சார் இருக்கும்" என்றார். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஐரோப்பிய விதிமுறையான ஆர்43 முன்கண்ணாடியை மண்டலமாகப் பிரிக்கிறது. ஓட்டுநருக்கு நேர் எதிரே உள்ள ஏ மண்டலத்தில் பிம்ப நெளிவு 2 கலைக்குள் இருக்க வேண்டும் (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்குதான் ஒரு கலை). அதைச் சுற்றிய பி மண்டலத்தில் 6 கலை வரை விடுவார்கள். அதையும் தாண்டிய விளிம்பில் கண்டிப்பு இன்னும் குறைவு. ஆக, முத்திரை சரியாக இருக்கும் ஒரு கண்ணாடியே டிராக்கில் தொல்லை கொடுக்கலாம். அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இதில் இன்னொரு சங்கடம். ரோட்டில் ஓரிடம் நெளிந்தால் தலையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். ஹார்னஸ் (உடம்பை சீட்டோடு இறுக்கும் பந்தய பெல்ட்) கட்டி, ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்துவிட்டால் அந்த வசதி கிடையாது. கெர்பின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அசைந்தால் மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும்.

இரண்டாவதாக வந்தது, கார் கம்பெனிக்கே கண்ணாடி செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் பெயர் போட்டது. கார் கம்பெனியின் லோகோ மட்டும் இல்லை. செயின்ட் கோபைன் செக்யூரிட், பில்கிங்டன், ஏஜிசி, ஃபுயாவ் போன்ற பெயர்களைக் கீழ் மூலை முத்திரையில் பார்க்கலாம். அதே இடத்தில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் எண்ணும், 43ஆர் என்பதும், சாதாரண லேமினேட்டட் முன்கண்ணாடிக்கான ரோமன் எண் இரண்டும் (II) இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கு வந்தது என்றால் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் டிஓடி எண்ணும், முன்கண்ணாடிக்கு ஏற்றது என்பதற்கான ஏஎஸ்1 குறியும் இருக்கும். பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். நான் இதையும் அதே ஷட்டருக்கு எதிரே வைத்துத்தான் பார்த்தேன். மூலையில் நெளிவு இல்லாமல் இல்லை, ஆனால் விளிம்பின் கறுப்புப் பட்டையை ஒட்டிய ஒரு விரல் அகலத்தோடு நின்றுவிட்டது.

கோட்டிங் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்ப மெல்லிய உலோகப் பூச்சு உள்ள கண்ணாடிகள் உண்டு. உள்ளே சூடு நன்றாகவே குறையும். ஆனால் அந்தப் பூச்சு ஜிபிஎஸ் சிக்னலையும் தடுக்கும். ஜிபிஎஸ் வைத்துச் சுற்று நேரம் கணக்கிடும் லேப் டைமரை டேஷ்போர்டில் வைப்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ரியர்வியூ மிரருக்குப் பக்கத்தில் பூச்சில்லாத சின்ன ஜன்னல் விட்டிருப்பார்கள், ஆன்டெனாவை அங்கே கொண்டுபோய் ஒட்ட வேண்டும். நான் சாதாரணப் பச்சைச் சாயக் கண்ணாடியே எடுத்தேன். உள்ளே நுண்கம்பி ஓடும் ஹீட்டட் கண்ணாடியும் வேண்டாம் என்றேன். இரவில் எதிர் விளக்குகள் அந்தக் கம்பியில் சிதறுவது என் கண்ணுக்கு ஆகாது. சத்தம் குறைக்கும் அகூஸ்டிக் கண்ணாடி உங்கள் விருப்பம். என் எக்ஸாஸ்டுக்கு முன்னால் அது ஒன்றும் செய்யாது.

ஒட்டும் வேலைக்கு வருவோம். கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒட்டுகிறவர் கையில்தான் பாதி இருக்கிறது. எனக்கு ஒட்டியவர் பழையதைக் கத்தியால் நெம்பாமல் அறுக்கும் கம்பி போட்டு எடுத்தார். பாடியில் இருந்த பழைய யூரித்தேன் பசையை முழுக்கச் சுரண்டாமல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சீவி விட்டார். புதுப் பசை அதன் மேல் நன்றாகப் பிடிக்கும். ஒரு மூலையில் பெயின்ட் கீறி உலோகம் தெரிந்தது. அங்கே பிரைமர் தடவி, காயும் வரை காத்திருந்த பிறகுதான் பசைத் துப்பாக்கியையே எடுத்தார். அந்தக் கீறலை அப்படியே மூடியிருந்தால் உள்ளே துரு பிடிக்கும். துரு பசையை மேலே தள்ளும், தண்ணீர் இறங்கும், கண்ணாடி ஒரு பக்கம் இறுகி மறுபடியும் ஓரத்தில் விரிசல் விடும்.

யூரித்தேன் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்ளே இறுகும். காரை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவர்கள் சொல்லும் நேரம் வேறு, பசை முழுதாக இறுகும் நேரம் வேறு. முதலாவதற்குச் சில மணி நேரம் போதும், இரண்டாவதற்கு நாட்கள் ஆகும். பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் முன்கண்ணாடியில் சாய்ந்துதான் விரியும் என்பதால் அந்த முதல் நேரத்தையே குறைத்துக்கொள்ளக் கூடாது. டிராக்குக்கோ இரண்டாவது நேரம்தான் கணக்கு. இறுக்கமான சஸ்பென்ஷன் உள்ள கார் கெர்பில் ஏறினால் பாடி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கலில் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. முதல் நாள் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தே கதவைச் சாத்தினேன். மூடிய காரில் கதவை அறைந்தால் உள்காற்று இன்னும் இறுகாத பசையைத் தள்ளும். மழை சென்சாருக்குப் புது ஜெல் பேடு கேட்டு வாங்குங்கள். பழையதை ஒட்டி, இடையில் ஒரு குமிழி நின்றுவிட்டால், வெயிலிலும் வைப்பர் தானாக ஆடும்.

பசை முழுதாக இறுகியதும் வெளிப்பக்கம் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினேன். பொடிக்கல்லுக்கு அது நன்றாகவே தாங்குகிறது. ஃபிலிமில் குழி குழியாகத் தெரியும், உரித்தால் கீழே கண்ணாடி சுத்தமாக இருக்கும். பெரிய கல் நேராக வந்து அடித்தால் ஃபிலிமும் சேர்ந்துதான் போகும். அதன் குறை வைப்பர்தான். வைப்பர் போகும் அரைவட்டம் சீக்கிரமே மங்கி, சாயங்கால வெயில் நேரே அடிக்கும்போது அந்த இடம் பால் படிந்த மாதிரி தெரிகிறது. காய்ந்த ஃபிலிமில் வைப்பரைத் தட்டினால் ஒரே தடவையில் கோடு விழும், அதனால் முதலில் வாஷர் தண்ணீர், அப்புறம்தான் வைப்பர். ஃபிலிம் ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. கண்ணாடி இதுவரை பசையிலோ ஓரத்திலோ எந்தத் தொல்லையும் தரவில்லை. இனி டிராக் சீசனுக்கு மட்டும் ஃபிலிம் ஒட்டி, மழை தொடங்குமுன் உரித்துவிடுவதாக இருக்கிறேன்.