பழைய காரின் அசல் பெயின்ட்: கட் பொலிஷா, கைப் பொலிஷா, புதுப் பெயின்ட்டா?

கொழும்பில் ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத்தகட்டோடு ஒரு கார் உங்கள் கைக்கு வந்தால், பார்க்கிறவர்கள் எல்லோரும் இரண்டே யோசனைதான் சொல்வார்கள். "கட் பொலிஷ் போடுங்கோ, மினுங்கும்" என்பது ஒன்று. "உரிச்சுப் போட்டுப் புதுசா அடிச்சு விடுங்கோ" என்பது மற்றது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் இன்னும் உடம்பில் இருக்கிற மொரிஸ் மைனருக்கோ ஒஸ்டினுக்கோ இவை இரண்டும் கடைசியாக யோசிக்க வேண்டிய வழிகள். அந்தப் பெயின்ட் போனால் எந்தக் கராஜாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

முதலில் என்ன பெயின்ட் என்று தெரிய வேண்டும். நிறத்துக்கு மேல் தெளிவான கிளியர் கோட் அடிக்கும் முறை 1980களில்தான் பரவலானது. அதற்கு முந்திய கார்களில் நிறமே மேல்தோல். கதவின் அடி ஓரம் போன்ற மறைவான இடத்தில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் மென்மையான பொலிஷ் வைத்துத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது ஒற்றைப் பூச்சு. ஒவ்வொரு தேய்ப்பிலும் நிறம்தான் குறைகிறது.

தடிப்பு அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. காரைச் சுற்றி 100, 150 மைக்ரோன் என்று காட்டிக்கொண்டு வந்து ஒரு மட்காட்டில் மட்டும் 300 காட்டினால் அங்கே யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பள்ளத்தை நிரப்பிய புட்டி இருக்கிறது. ஆனால் கருவி காட்டுவது நிறத்துக்கு அடியில் பூசும் பிரைமரையும் சேர்த்த மொத்தத் தடிப்பு. நிறம் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லாது. எண் நன்றாக இருக்கிறதே என்று துணிந்து தேய்க்க வேண்டாம்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். கராஜில் "கட் பொலிஷ்" என்றால் பெரும்பாலும் ரோட்டரி மெஷின். அதில் மாட்டிய தேய்க்கும் பேட் ஒரே அச்சில், நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்று வரை சுழலும். ஒரே இடத்தில் ஓரிரு விநாடி கூடத் தங்கினாலும் சூடு ஏறும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் அடித்த செலுலோஸ் பெயின்ட் சூட்டுக்கு இளகும். விளிம்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது, பேட்டின் அழுத்தம் முழுவதும் விழுவதும் அங்கேதான். மைனரின் பொனட் நடுமுகட்டிலும் கதவு ஓரங்களிலும் பிரைமர் எட்டிப் பார்ப்பது இதனால்தான். கைதேர்ந்த பெயின்ட் பாஸ் ஒருவர் மென்மையான பேட்டோடு செய்தால் ரோட்டரியும் நல்ல கருவிதான், ஆழமான கீறலுக்கு அதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் காலையில் ஒரு புது வேனின் கடினமான கிளியர் கோட்டுக்குப் போட்ட கம்பளிப் பேட்டையும் சுரண்டித் தேய்க்கும் கரடுமுரடான பசையான கொம்பவுண்டையும் மத்தியானம் உங்கள் காரில் வைத்தால் என்ன ஆகும்? அன்று மினுங்கும். பிறகு காலிமுகத்திடல் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பொனட் முழுக்க வட்டக் கோடுகள் தெரியும்.

டி.ஏ. மெஷின், அதாவது சுழன்றுகொண்டே தள்ளாடும் வகை, இதைவிடப் பொறுமையானது. அழுத்தினால் பேட்டின் சுழற்சி நின்றுவிடும். அதனால் சூடும் சேதமும் குறைவு. பழைய கார்களின் வளைவுகளுக்கு 3 அங்குலப் பேட் வசதி. விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மிக மென்மையான பொலிஷ், மிக மென்மையான பேட், இதில் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே போங்கள். ஒற்றைப் பூச்சில் பேட் சீக்கிரம் நிறத்தால் அடைபடும், அடிக்கடி துடைத்துக் கழுவ வேண்டும். கீறல் எல்லாம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

என் மனம் சாய்வது கை வேலைக்கு. குறைந்தபட்சம் முதல் கட்டமாவது அதுவாக இருக்கட்டும். வருடக்கணக்கான வெயிலில் மேல்பரப்பு ஒக்சிஜனேற்றம் அடைந்து, காய்ந்து, சுண்ணாம்பு பூசினது போல் வெளிறியிருக்கும். காய்ந்த அந்தப் பரப்பில் நேராகக் கொம்பவுண்ட் போட்டால் தேவைக்கு அதிகமாகச் சுரண்டும். அதனால் முதலில் எண்ணெய். உராய்வுத் துகள் இல்லாத, எண்ணெய்ப் பசையுள்ள மினுக்குப் பூச்சான கிளேஸ், உதாரணமாகப் பழைய கார் பிரியர்கள் நெடுங்காலமாக நம்பும் மெகுவயர்ஸ் நம்பர் 7, பருத்தித் துவாயில் தாராளமாக எடுத்துத் தேய்த்து, இரவு முழுக்க ஊற விட்டு, மறுநாள் துடைத்து, மறுபடியும் பூசுங்கள். மங்கின சிவப்பு மெல்ல ஆழமாகி வருவதைப் பார்த்தவர்கள் பிறகு மெஷினை அவசரமாகத் தூக்க மாட்டார்கள். எண்ணெய் நிரந்தரமல்ல, மேலே மெழுகு போட்டுக் காக்க வேண்டும். பழைய மெட்டாலிக் நிறமென்றால் இரட்டிப்புக் கவனம் தேவை, அலுமினியத் துகள்களே தேய்ந்து துணியில் சாம்பலாக வரும். செலுலோஸில் மெல்லிய வெடிப்புகள் விழுந்திருந்தால் எந்தப் பொலிஷும் அவற்றை மூடாது. பொலிஷின் வெள்ளைப் பொடி உள்ளே போய் உட்கார்ந்து இன்னும் அசிங்கமாகும். தார்க் கறையை எடுக்கத் தின்னர் தொடவே வேண்டாம், செலுலோஸைக் கரைத்துவிடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் வாட்டர் பேப்பர் போடும் நிலை வந்தாலும் தூசி பறக்காமல் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

புதுப் பெயின்ட் நியாயமாகும் இடங்களும் உண்டு. அடியில் துரு கொப்பளித்திருந்தால், நிறம் ஏற்கெனவே பிரைமர் வரை போயிருந்தால், டிங்கரிங் செய்து அந்தப் பகுதியை மட்டும் அடிக்கலாம். நன்றாக இருக்கும் கூரையையும் கதவுகளையும் சேர்த்து உரிக்கத் தேவையில்லை. அடிக்கக் கொடுக்குமுன் சிலிக்கோன் கலந்த பொலிஷ் போட்டிருந்தால் பாஸிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுப் பெயின்டில் மீன்கண் போலக் குழி விழும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட் என்றால் அதில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண துணி மாஸ்க் போட்டு அடிப்பவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெயின்ட் மேல் கண்ணாடி போல் இறுகும் செரமிக் கோட்டிங்? அசல் பெயின்ட்டுக்கு வேண்டாம் என்பது என் முடிவு. அது பிடிக்க வேண்டுமானால் எண்ணெய்ப் பசையை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும், நீங்கள் ஊட்டிய எண்ணெய் போய்விடும். பிறகு அதை அகற்ற வேண்டுமென்றால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், கூடவே நிறமும் போகும். பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு சீக்கிரம் தேயும், ஆனால் யாருக்கும் நட்டமில்லாமல் மறுபடி போடலாம். அது உருகுவது 80 பாகை செல்சியஸுக்கு மேல்தான், வெயிலுக்கு உருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் மரைன் டிரைவ் காற்றில் நிறுத்துபவர்கள் மெழுகை இன்னும் அடிக்கடி போட வேண்டும். கல் பட்டுத் தெறித்த சின்னப் புள்ளிகளை முதலில் டச்-அப் பெயின்டால் அடைத்துவிடுங்கள்; உப்பு ஈரம் நுழைவது அந்தப் புள்ளிகள் வழியாகத்தான்.