உகந்தைக் கதவில் இருந்து குமண வில்லு வரை: ஒரு பறவை ஜீப் சேவையின் மதிப்பீடு

அறுகம்குடாவை ஒட்டிய உல்லையில் ஜீப் பிடித்துக் குமண தேசிய பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் யானைக்கும் சிறுத்தைக்கும்தான் காசு கொடுக்கிறார்கள். அந்தச் சுற்றில் பறவை என்பது வழியில் அகப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. "பறவை பார்க்க மட்டும்" என்று சொல்லி எடுக்கும் சுற்று அதே பாதையில் போனாலும் வேறு வேகத்தில் போகிறது, வேறு இடங்களில் நிற்கிறது. பொத்துவில், உல்லைப் பக்கம் ஓடும் அப்படியான ஓர் அரைநாள் சேவை பற்றியதே இந்த மதிப்பீடு. விடிய 4.45க்கு ஏற்றி, 11.30 அளவில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஜீப்பில் ஆறு இருக்கை இருந்தாலும் பறவைச் சுற்றுக்கு நால்வருக்கு மேல் ஏற்றுவதில்லை. சாரதியே பறவை காட்டுபவர்.

கொடுக்கும் காசுக்குப் பெறுமதி உண்டு. ஆனால் அவர்கள் தரும் பைனாகுலரை நம்பிப் போகக் கூடாது, மாதம் பார்க்காமலும் போகக் கூடாது.

முதலில் நேரம். உல்லையில் இருந்து பூங்காக் கதவு இருக்கும் உகந்தை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பாணமை வரை தார் வீதி, அதற்கு அப்பால் கிரவல். இருட்டில் அந்தக் கிரவல் பாதையில் யானை நிற்கலாம். ஓடித்தப்பும் வேகத்தில் எவரும் போவதில்லை, போகவும் கூடாது. பூங்காக் கதவு 6 மணிக்குத் திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டுமானால் 4.45 என்பது சரியான கணக்கு. 5.30க்கு ஏற்றுகிறோம் என்று சொல்லும் சேவைகளில் கைவிட்டுப் போவது முக்கால் மணித்தியாலம் மட்டுமல்ல. காலை 9 மணி தாண்டினால் களப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். பைனாகுலர் பறவையைப் பெருப்பிக்கும் அளவுக்கு அந்த ஆட்டத்தையும் பெருப்பிக்கும். 200 மீற்றரில் நிற்கும் கரண்டிவாயனும் பெரிய கொக்கும் அப்போது ஒரே வெள்ளைப் பொட்டலமாகத்தான் தெரியும். இந்தச் சேவை நேரம் தவறுவதில்லை. இதன் பெரிய பலம் அதுதான்.

பாணமை வயலோரத்தில் பத்து நிமிடம் நிறுத்துகிறார்கள். நிரலில் எழுதாத நிறுத்தம், ஆனால் தவிர்க்கவே கூடாதது. வயல் வரம்பில் முதலில் சத்தம் போடுவது ஆக்காட்டி. ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் ஆள்காட்டி, பேச்சில் ஆக்காட்டி. நம் நாட்டுப்பாட்டுகளில் இடம்பிடித்த குருவி இது. கூடு என்று ஒன்றைக் கட்டாமல் வெறுந்தரையில், மண்ணின் நிறத்திலேயே மூன்று நான்கு முட்டை இடும். பாதையை விட்டு ஒரு சில்லு வெளியே இறங்கினால் போதும், முட்டை நசுங்கியதை ஓட்டுகிறவர் அறியவே மாட்டார். இந்தச் சாரதி எந்த இடத்திலும் பாதையை விட்டு இறங்கவில்லை; எதிரே வந்த ஜீப்புக்கு வழிவிடக்கூடப் பின்னால் எடுத்து அகலமான இடத்தில்தான் ஒதுங்கினார்.

பெயர் சொல்லும் விதத்துக்குத் தனியாகப் புள்ளி கொடுக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள ஆங்கிலப் பெயரோடு ஆக்காட்டி, வக்கா, கூழைக்கடா, செண்பகம், புலுனி, பாம்புத்தாரா என்று எங்கள் பெயரையும் சேர்த்தே சொல்கிறார். இது வெறும் மொழிப்பற்று அல்ல. பழைய பெயர்கள் பலவற்றில் அடையாளக் குறிப்பு உள்ளே இருக்கிறது. உடலைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் பாம்பு போல நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. பக்கத்திலேயே நீந்தும் நீர்க்காகத்தின் கழுத்து தடிப்பு, அலகு நுனி கொக்கி. அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரிவது நத்தைகொத்தி நாரை. நத்தையைப் பிடிக்கவே அந்த அலகு, அதனால்தான் அது வயலில் இறங்கினால் கமக்காரர் விரட்டுவதில்லை. அலகின் நுனி தட்டையாக அகன்று, தண்ணீரை இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடப்பது கரண்டிவாயன். புதிதாகப் பழகுகிறவருக்கு இந்தப் பெயர்களை விடச் சிறந்த கையேடு கிடையாது. ஒரு பறவையைப் பெயரோடு அறிந்த பிறகு அடுத்த முறை அதை வழிகாட்டி இல்லாமலே காணலாம். சுற்றுக்குக் கொடுக்கும் காசில் நெடுநாள் நிற்பது அந்த அறிவுதான்.

கதவுக்கு முன் உகந்தையில் கால் மணித்தியாலம். அனுமதிச் சீட்டு எடுக்கும் இடைவெளியைச் சாரதி வீணாக்காமல் கோயில் பக்கம் கூட்டிப் போகிறார். மயிலும் சேவலும் வள்ளியும் ஒரே இடத்தில் சேரும் முருகன் தலம் இது. வள்ளி தினைப்புனம் காத்தது குருவி விரட்டத்தான். "ஆலோலம்" என்று அவள் கூவிய குரலுக்கும் பாணமை வயலில் இன்றும் தகரம் தட்டிச் சில்லைக் குருவியையும் கிளியையும் கலைக்கிறவரின் குரலுக்கும் வேலை ஒன்றுதான். கதிர்காமத் திருவிழாவை ஒட்டிப் பாதயாத்திரைக்குக் காட்டுவழி திறக்கும்போது வடக்கில் இருந்தும் கிழக்கில் இருந்தும் வருகிற அடியார்கள் இங்கிருந்துதான் குமணக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். அந்த நாட்களில் பாதை முழுக்கச் சனம் இருக்கும். அமைதியாகப் பறவை பார்க்க விரும்புகிறவர் அந்த இரண்டு கிழமையையும் விட்டுவிடுவது நல்லது.

கடற்கரை மீன் வாடிகளின் மேல் வட்டமிடுவது செம்பருந்து. தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கபிலம். கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டது என்று நாம் கைகூப்புவது இதைத்தான். மீன் கழிவுக்காக வாடியைச் சுற்றுவதால் படம் எடுக்க உகந்தையை விட வசதியான இடம் கிடைப்பது அரிது.

பூங்காவுக்குள் பாதை தென்மேற்காகப் போகிறது. காலை வெயில் முதுகுப் பக்கம் இருப்பதால் முன்னால் உள்ள பறவையின் நிறம் சரியாகத் தெரியும். திரும்பி வரும்போது கண்ணுக்கு நேரே வெயில். ஆகவே பார்ப்பதை எல்லாம் போகும்போதே பார்த்துவிட வேண்டும். இதை அறிந்தே இவர்கள் போகும் வழியில் மெதுவாகவும் வரும் வழியில் விரைவாகவும் ஓட்டுகிறார்கள். சிறு களப்புகளில் நிறுத்தும்போது ஜீப்பைச் சற்றுச் சரிவாக நிறுத்துகிறார், இரண்டு பக்க இருக்கைக்கும் பார்வை கிடைக்கிறது. உடனே எஞ்சினை நிறுத்துகிறார். டீசல் எஞ்சின் ஓடும்போது சட்டத்தில் கைமுட்டி ஊன்றிப் பைனாகுலர் பிடித்தால் ஆக்காட்டியின் கண்ணைச் சுற்றியுள்ள சிவப்புக்கூடத் தெரியாது. எஞ்சின் நிறுத்தாத சாரதியிடம் பறவைச் சுற்று எடுப்பதில் பொருள் இல்லை.

பற்றைக் காட்டு ஓரத்தில் வருவது காட்டுக்கோழி. இலங்கைக்கு மட்டுமே உரியது, தேசியப் பறவையும் அதுவே. வீட்டுச் சேவலோடு மயங்கினால் கொண்டையைப் பார்க்க வேண்டும்: சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு இருந்தால் காட்டுச் சேவல். மயில் ஆண்டுதோறும் இனப்பெருக்க காலம் முடியத் தோகையை உதிர்க்கும். காவடிக்கு வேண்டும் என்று கீழே கிடக்கும் பீலியைப் பொறுக்கவும் பூங்காவுக்குள் அனுமதி இல்லை. ஜீப்பில் கூட வரும் வனசீவராசிகள் திணைக்கள வழிகாட்டி இதைக் கண்டிப்பாகவே சொல்வார்.

பிறகு வில்லு. சுமார் 200 ஹெக்டேயர் பரப்பில் கண்டல் மரங்கள் சூழ்ந்த நீர்ப்பரப்பு. கும்புக்கன் ஓயா ஆற்றோடு ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றால் தொடர்புபட்டது. 1938 முதல் பறவைகள் சரணாலயம், 1970 முதல் தேசிய பூங்காவின் பகுதி. போர்க்காலத்தில் 1985 தொடக்கம் 2003 வரை பூங்கா மூடிக் கிடந்தது. 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூலை வரை, குறிப்பாக மே, ஜூன் மாதங்களில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் இங்கே மரத்துக்கு மரம் கூடு கட்டும். மாரி மழையில் நிரம்பிய நீர் அந்த மாதங்களில் வற்ற வற்ற மீன் ஆழங்குறைந்த இடத்தில் நெருங்கிச் சேரும். குஞ்சுக்கு இரை தேட அதுவே தருணம். சுற்றிவரத் தண்ணீர், தண்ணீரில் முதலை. மரமேறித் திருடும் விலங்குக்கு அங்கே போவது எளிதல்ல.

இந்தச் சேவை வில்லுக் கரையில் 50 நிமிடம் நிற்கிறது. மற்றச் சுற்றுகள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடும், ஏனென்றால் சிறுத்தை காத்திருக்கிறது. முதல் பத்து நிமிடத்தில் கண்ணில் படுவது வெறும் கூட்டமும் சத்தமும் எச்ச நாற்றமும்தான். இருபது நிமிடம் கழித்தே ஒரு கூட்டைத் தெரிந்து அதிலேயே கண்ணை வைக்க முடியும்: தாய் நாரை அரைச் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிப்பது, இரையோடு மற்றது வந்து இறங்க அலகடித்து வரவேற்பது, பக்கத்துக் கூட்டுச் சுள்ளியை இழுத்துக்கொண்டு போவது. காலையில் நேரத்தோடு வந்து சேர்ந்தால் இரவு வேட்டை முடித்த வக்காக்கள் தங்கும் மரத்துக்குத் திரும்புவதையும் பார்க்கலாம். வளர்ந்ததற்குக் கண் சிவப்பு, முதுகு கறுப்பு. இளசு கபில நிறத்தில் வெள்ளைப் புள்ளி.

ஒரு குறை இங்கேதான் வந்தது. கூட்டத்தில் ஒருவர் கேட்க, சாரதி கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்கப் பார்த்தார். கூடு கட்டும் காலத்தில் இது செய்யவே கூடாதது. எதிரி ஒன்று வந்துவிட்டதென்று கூட்டை விட்டு எழும் தாய் திரும்பி வரும் வரை முட்டையும் சிறு குஞ்சும் வெயிலில் காயும். காகத்துக்கு அந்தச் சில நிமிடம் போதும். வழிகாட்டி தடுத்ததும் நிறுத்திவிட்டார் என்றாலும், தானாகவே மறுத்திருக்க வேண்டும்.

அடுத்த குறை பைனாகுலர். இருக்கைக்கு ஒன்று என்று தருவது 10×25: பத்து மடங்கு பெருப்பிக்கும், முன்வில்லையின் அகலம் 25 மில்லிமீற்றர். 25 மில்லிமீற்றரைப் பத்தால் பிரித்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை 2.5 மில்லிமீற்றர் அகலம். விடியற்காலையில் கண்மணி அதைப் போல இரண்டு மடங்கு விரிந்திருக்கும், ஆகவே படம் இருளடித்துத் தெரியும். 8×42 ஆனால் 5.25 மில்லிமீற்றர் வரும். பார்வைப் பரப்பும் கூடுதல், கைநடுக்கமும் குறைவாகத் தெரியும். ஜீப்புக்கு எட்டு மடங்கு போதும். தந்த நான்கில் ஒன்றில் இரண்டு குழாயும் நேர்கோட்டில் இல்லை. ஐந்து நிமிடத்தில் தலை வலிக்கத் தொடங்கும். அப்படித் தெரிந்தால் உடனே மாற்றிக் கேளுங்கள்.

சொந்தமாகக் கொண்டு போகிறவர் கதவில் நிற்கும்போதே அதைச் சரிசெய்துகொள்ளலாம். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடி, வலக் கண்வில்லையின் வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். அதன் பிறகு நடுச்சக்கரம் மட்டுமே போதும். கடற்காற்று உப்பை வில்லையில் படிய வைக்கும். சாரத்து முனையால் துடைத்தால் மணல் கீறும். ஊதி, தூரிகையால் தட்டி, பிறகே கண்ணாடித் துணி. வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வைக்காவிட்டால் எங்கள் கரையோர ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

கூரை கன்வஸ், மேலே பறக்கும் கழுகைப் பார்க்கக் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது. தரும் பறவைப் பட்டியல் தாளில் ஆங்கிலமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. இவ்வளவு பெயரும் வாயில் வைத்திருக்கும் சாரதி ஒரு நாள் இருந்து எழுதிக் கொடுத்தால் அச்சிட ஒரு தாள் போதும். காலைச் சாப்பாடு மீன் பணிசும் வாழைப்பழமும் பிளேன் டீயும்; போதுமானது, பிளாஸ்டிக் உறை இல்லாமல் வாழையிலையில் வந்தது நல்லது. தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றராவது சொந்தமாக எடுத்துப் போக வேண்டும். மலசலகூடம் கதவிலேயே முடித்துக்கொள்ள வேண்டும், உள்ளே இறங்க முடியாது.

பேசி முடிக்கும் முன் கேட்க வேண்டியது: எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள், வில்லில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள், சிறுத்தை என்று கைபேசியில் அழைப்பு வந்தால் ஓடுவீர்களா? மூன்றாவதற்கு இந்தச் சேவை "கேட்டால் மட்டும்" என்று சொன்னது, சொன்னபடியே நடந்தது.

கூடு பார்க்க மே நடுப்பகுதி முதல் ஜூன் வரை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் உள்ளான் வகைகளும் வேண்டுமானால் நவம்பர் முதல் மார்ச் வரை, ஆனால் அப்போது மழையால் கிரவல் பாதை சேறாகலாம்; டிசம்பரில் முன்பணம் கொடுக்க முன் பாதை திறந்திருக்கிறதா என்று முதல்நாள் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டெம்பரில் வில்லு வற்றிக் கூடுகளும் ஓய்ந்திருக்கும். அந்த மாதங்களில் இந்தச் சுற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம், பாணமை வயலோரம் விடிய ஒரு சைக்கிளில் போனாலே ஆக்காட்டியும் நத்தைகொத்தியும் கிடைக்கும்.