பஞ்சிகாவத்தையில் ஒரு சைலன்சர் நானா

பெயர்ப்பலகை இல்லாத கடையைப் பற்றி எழுதுவது கொஞ்சம் கஷ்டம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கியர்பொக்ஸ்களை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் கடைகளைத் தாண்டி, ஓட்டோவே யோசித்துத் திரும்பும் ஓர் ஒழுங்கைக்குள் போக வேண்டும். என் கார் பக்கக் கண்ணாடிகளை மடித்துக்கொண்டுதான் உள்ளே போனது. "சைலன்சர் நானா" என்று கேட்டால் டயர் கடைப் பையனே வழி காட்டுவான். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள். ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, இரண்டரைக்குத்தான் கடை திறக்கும்.

என்னுடையது 2002 பிஎம்டபிள்யூ 325ஐ. ஈ46 உடம்பு, எம்54 எஞ்சின், 2494 சிசி, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், ஓட்டோ கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, இதை விற்றால் இன்னொன்று வாங்க வழியில்லை என்று கையோடு வைத்துக்கொண்டேன். வைத்திருந்தால் சும்மா இருக்கலாம்தானே? இருக்கவில்லை. இந்த எஞ்சினின் சத்தம் காருக்குள் கேட்பதைவிட வெளியே நன்றாகக் கேட்க வேண்டும் என்று ஒரு ஆசை.

அந்த ஆசையோடு முதலில் போனது வேறொரு இடத்துக்கு. ஏசி போட்ட வரவேற்பறை, சுவரெல்லாம் ஸ்டிக்கர். குழாயின் நடுவில் இரைச்சலை அடக்கும் ரெசனேட்டர் டப்பாவை வெட்டி எறிந்தார்கள், இரண்டு குழாயையும் முட்டவைத்து ஒன்றாக்கினார்கள், பின்னால் சாப்பாட்டுக் கரியர் அளவில் ஒரு 'ரேசிங் சைலன்சரை' மாட்டினார்கள். 65,000 ரூபாய். புகையைச் சுத்திகரிக்கும் கன்வேர்ட்டரையும் கழற்றித் தந்தால் விலையில் குறைப்போம் என்றார்கள். உள்ளே இருக்கும் பிளாட்டினத்துக்கும் பலேடியத்துக்கும் சந்தை உண்டு. நல்ல காலம், அதற்கு மட்டும் தலையாட்டவில்லை.

முதல் வாரம் சந்தோஷம்தான். அப்புறம் மூவாயிரம் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) தாண்டினால் பிஸ்கட் டின்னுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கினதுபோல ஒரு கரகரப்பு. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது எஞ்சின் 2200இல் நிற்கும். சரியாக அந்த இடத்தில் ஒரே சுருதியில் "ஊஊஊ" என்று ஓர் இரைச்சல். கொட்டாவையில் ஏறி மாத்தறையில் இறங்கும்வரை விடாது. பின் சீட்டில் இருந்த அம்மா சொன்னது: "தம்பி, மேளக்காரர் இல்லாமல் ஒருத்தன் மட்டும் காதுக்குள்ள நிண்டு ஒத்து ஊதுறான்." நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒரே சுருதியை விடாமல் ஊதுவதுதான் ஒத்து. இதைவிடச் சரியாக யாரும் அதை விளக்கியதில்லை.

அந்த இரைச்சலோடுதான் நானாவிடம் போனேன். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. காருக்குப் பின்னால் குந்தி, உள்ளங்கையைக் குழாய் முனைக்கு அரையடி தள்ளிப் பிடித்துக்கொண்டு, தன் மகனை மெல்ல மெல்ல ஆர்பிஎம் ஏற்றச் சொன்னார். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு எழுந்து கையைத் துடைத்தார். "இது ஆறு சிலிண்டர் சத்தமில்ல தம்பி. மூணு சிலிண்டர் ரெண்டு பேர் சண்டை பிடிக்கிற சத்தம்."

அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. இந்த எஞ்சின் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் வெடிக்கும். முன் மூன்று சிலிண்டருக்கு ஒரு குழாய், பின் மூன்றுக்கு ஒரு குழாய். வரிசையைப் பாருங்கள்: ஒரு வெடிப்பு முன்னால், அடுத்தது பின்னால், மறுபடி முன்னால். இரண்டும் ஒழுங்காகக் கலந்தால்தான் அந்தப் பட்டுப்போன்ற ஆறு சிலிண்டர்ச் சத்தம் வரும். முன்னைய கடை செங்குத்தாக முட்டவைத்த இடத்தில் ஒன்றையொன்று மறித்துக்கொண்டிருந்தன. அவர்கள் மாட்டிய டப்பாவை நானா பிளந்து காட்டினார். உள்ளே இருந்திருக்க வேண்டிய கண்ணாடிப் பஞ்சில் பாதி பொடிந்து காற்றோடு போயிருந்தது.

இரண்டு குழாயையும் எக்ஸ் வடிவில் இழைத்துச் சேர்த்தார். ஸ்டெயின்லெஸ் 304, ஆர்கன் வெல்டிங். ஒட்டுக்கள் நாணயத்தைச் சரித்து அடுக்கினதுபோல வரிசையாக இருந்தன. நடுவில் புது ரெசனேட்டர். பின்னால்தான் எனக்கு ஆச்சரியம். புதிதாக எதுவும் வேண்டாம், கம்பனிச் சைலன்சரே போதும் என்று, பக்கத்துக் கடையில் பழையது ஒன்றை எடுத்து வந்தார். அதன் ஒரு குழாய்க்குள் சின்னக் கதவு இருக்கிறது. எஞ்சினிலிருந்து வரும் வெற்றிடக் குழாய் காற்றை உறிஞ்சி இழுத்தால் கதவு மூடும், சத்தம் அடங்கும். பென்சில் மொத்தமான அந்த ரப்பர்க் குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு திருகாணியைச் செருகி அடைத்தார். "இதுக்குக் காசில்ல." வேலை முழுவதிலும் சத்தத்துக்குக் கிடைத்த பெரிய மாற்றம் அந்தத் திருகாணிதான். முதல் கடைக்குப் போகும் முன் இதை யாராவது சொல்லியிருந்தால்!

ஒத்து ஊதுபவர் குறைந்தார், முற்றாகப் போகவில்லை. மகன் போனில் ஒரு ஆப்பைத் திறந்து பார்த்தான், 110 ஹேர்ட்ஸ். கணக்கும் அதுதான்: ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு, நிமிடத்துக்கு 2200 சுற்றென்றால் வினாடிக்கு 110. மூன்றரை அடிக் குழாய் ஒன்றை வளைத்து, ஒரு முனையை அடைத்து, மறு முனையைப் புகைக்குழாயின் பக்கவாட்டில் ஒட்டினார்கள். அலை உள்ளே போய்த் திரும்பி வரும்போது வருகிற அலைக்கு எதிராக நிற்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். புகை வழி ஒன்றும் மாறவில்லை. மறுவாரம் மாத்தறை போனோம். வழியில் வெலிப்பென்ன தாண்டுவதற்குள் அம்மா நித்திரை.

இப்போது காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளவத்தை ஒழுங்கையில் யாரும் ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை. மரின் டிரைவில் இரண்டாவது கியரில் நாலாயிரத்துக்கு மேல் ஏற்றினால்தான் அந்தக் குரல் வரும், கீழே கனமாக, மேலே போகப்போகத் தெளிந்து. பவர் கூடியதா என்று கேட்காதீர்கள். கூடவில்லை. கன்வேர்ட்டர் இருந்த இடத்தில் இருப்பதால் புகைப் பரிசோதனையும் சிக்கலில்லாமல் முடிந்தது. 2025 நடுவிலிருந்து பொலிஸார் சத்தம் கூட்டிய சைலன்சர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். நான் இரண்டு தடவை மறிக்கப்பட்டேன். இரண்டு தடவையும் குனிந்து பார்த்துவிட்டு விட்டார்கள். அதை உத்தரவாதமாக எடுத்துக்கொண்டு யாரும் போய் நிற்க வேண்டாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது. பில் கிடையாது. கேட்டால் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தருவார். எல்லாமாக 1,58,000 ரூபாய், அதில் அந்த மூன்றரை அடிக் குழாய்க்கு 18,000. தொங்கவிடும் ரப்பர்களைப் பழையதையே போட்டதால் மேடுபள்ளத்தில் டொக் டொக் என்றது. நானே புதிது வாங்கி மாட்டினேன். பின்னால் தெரியும் இரண்டு முனைகளில் ஒன்று மற்றதைவிட ஒரு விரல் பதிந்து நிற்கிறது. போன் பண்ணிச் சொன்னேன். "வாங்க தம்பி, பார்ப்பம்" என்கிறார். எப்போது என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார்.