12 வோல்ட் என்று எழுதியிருந்தது, மீட்டர் 13.8 காட்டியது

பவர் சப்ளை ஒன்று கட்டுவதற்காக 230-க்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். சுமை எதுவும் இணைக்காமல் அளந்தால் 13.8 வோல்ட். ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். 6 ஓம் மின்தடையை மாட்டியதும் 12.1-க்கு இறங்கியது. சுருள்களின் தடை விழுங்கப்போவதை முன்கூட்டியே கணக்கிட்டு, 12 வோல்ட் தரும் துணைச் சுருளில் சில சுற்றுகள் கூடுதலாகவே சுற்றியிருக்கிறார்கள். ஆக, இரு சுருள்களின் உண்மையான சுற்று விகிதம் 19 (230/12) அல்ல, ஏறத்தாழ 16.7 (230/13.8).

மின்னோட்டத்திலும் இதே கதைதான். இந்தச் சுமைக்கு, விகிதப்படி 230 வோல்ட் பக்கத்து முதன்மைச் சுருளில் 121 மில்லிஆம்பியர் ஓட வேண்டும்; ஓடியது 136. சுமையே இல்லாதபோதும் 40 ஓடுகிறது, இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கும் கூலி அது. 121-உம் 40-உம் 161 ஆயிற்றே என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே கட்டத்தில் (phase) இல்லை, அதாவது ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை; நேராகக் கூட்ட முடியாது.

ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினேன். கை வைக்கலாம், நெடுநேரம் வைத்திருக்க முடியாது. மெல்லிய ரீங்காரம் உண்டு, படுக்கையறைக்கு ஆகாது. சுமையில்லாத வோல்டேஜையும் மேலே அச்சிட்டிருக்கலாம். 16 வோல்ட் மின்தேக்கியைப் போடுபவர்கள் கவனிக்கவும்: டயோடுகளால் நேர் மின்னோட்டமாகத் திருத்தியபின், சுமையில்லாதபோது உச்சம் 18 வோல்ட்டைத் தொடுகிறது. நான் 35 வோல்ட் மின்தேக்கி போட்டேன்.